ஷ்ரீவ்போர்ட் மச்சானுக்கு, மிஸ் ஹனிகட் ஒழிந்த விவரம்

லாஸ் ஏஞ்சலஸ்,
மே மாதம், 1986.

மகா கனம் பொருந்திய மச்சான், ஷ்ரீவ்போர்ட் சபையின் டீக்கன் கார்னீலியஸ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஒடெஸ்ஸாவின் புருஷனும், நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவனும், தங்களால் இன்றுவரை 'அந்த பஸ்காரன்' என்றே அழைக்கப்படுகிறவனுமாகிய எல்ராய் ப்ரூயிட் தலைவணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் கர்த்தர் கிருபையில் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே தங்கள் ரத்த அழுத்தமும், மூத்த மகளின் கல்யாணப் பேச்சும், தங்கள் பழைய பிக்கப் வண்டியும் நின்ற இடத்திலேயே சுகமாக நிற்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பித்திருந்தீர்கள். தாங்கள் எழுதும் எல்லாக் கடிதமும் அப்படியே ஆரம்பிப்பதால் எதைப் பற்றி என்று முதலில் விளங்கவில்லை. நான் ஒடெஸ்ஸாவைக் கட்டிக்கொண்டபோதும் அப்பவே சொன்னீர்கள், நாங்கள் கலிபோர்னியாவுக்குக் குடிவந்தபோதும் அப்பவே சொன்னீர்கள், ஒருமுறை இங்கே நிலம் ஆடியபோது உயிரோடு இருக்கிறோமா என்று விசாரிப்பதற்கு முன்னால் அதையும் அப்பவே சொன்னதாகச் சொன்னீர்கள். இரண்டாம் பக்கம் திருப்பிய பிறகுதான், டெலிவிஷனில் வாராவாரம் வந்த 'இதோ வருகிறாள் மிஸ் ஹனிகட்' என்ற சிரிப்புத் தொடரைப் பற்றிய கடிதம் என்று பிடிபட்டது. ஷ்ரீவ்போர்ட் முழுக்க உங்கள் தங்கையைப் பார்த்துச் சிரிக்கிறது, உடனே அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர் என்று உத்தரவு போட்டிருந்தீர்கள். உத்தரவு தாமதமாக வந்துவிட்டது மச்சான். மிஸ் ஹனிகட் ஒழிந்தாள். ஒழித்தவள் உங்கள் தங்கை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், சபையில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஒடெஸ்ஸாவின் பள்ளிக்கூடம் இருக்கும் தெருவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இந்தப் பக்கம் சாராயக் கடை, அந்தப் பக்கம் சவப்பெட்டிக் கடை, தலைக்கு மேல் எந்நேரமும் போலீஸ் ஹெலிகாப்டர். புதிதாக வரும் வாத்தியார்களில் பாதிப் பேர் கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. உங்கள் தங்கை மட்டும் அசைந்ததில்லை. அவள் கத்த மாட்டாள், மிரட்ட மாட்டாள். நான் போட்ட கல்யாண மோதிரம் இருக்கிறதே, அந்த விரலால் மேஜை ஓரத்தில் டக், டக், டக் என்று தட்டுவாள். அவ்வளவுதான், வகுப்பு அடங்கிவிடும். ஹெலிகாப்டரே கொஞ்சம் தயங்குகிற மாதிரி இருக்கும்.

போன வருஷம் டட்லி என்று ஒரு வெள்ளைக்காரர், இளவயசு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரிப் புள்ளி போட்ட போ டை, டெலிவிஷனுக்குக் கதை எழுதுகிறேன், நிஜமான டீச்சர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று வந்து, அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு வாரம் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆள் மரியாதையாக இருக்கிறாரே என்று ஒடெஸ்ஸா வீட்டுக்கு அழைத்து வந்து சிவப்பு பீன்ஸும் சோறும் போட்டாள். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். மிச்சத்தையும் நம் மூடி போட்ட டப்பாவில் கட்டிக்கொண்டு போனார். டப்பா திரும்பி வரவில்லை. அப்போதே எனக்கு உஷார் வந்திருக்க வேண்டும்.

தொடர் ஆரம்பித்த அன்று தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தார்கள். எங்கள் சபையில் வரவேற்புக்காரர்களுக்குத் தலைவியான சிஸ்டர் பெர்னடைன் முன் வரிசையைப் பிடித்துக்கொண்டார். மிஸ் ஹனிகட் திரையில் வந்ததும் எல்லாரும் கைதட்டினோம். அதே பழுப்பு ஹேண்ட்பேக், சங்கிலி போட்ட அதே மூக்குக் கண்ணாடி, அதே நடை. பிறகு அவள் வாயைத் திறந்தாள். பிள்ளைகள் மேஜை மேல் ஏறி ஆடுகிறார்கள், இவள் மோதிரத்தால் தட்டுகிறாள், மோதிரம் கழன்று மீன் தொட்டியில் விழுகிறது, இரண்டு கையையும் மேலே தூக்கி "ஐயோ, என் பென்ஷன்!" என்று அலறுகிறாள், பெட்டிக்குள் இருந்து கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்த அலறல். பேர் மிஸ் என்றாலும் அவளுக்கு ஒரு புருஷன் வேறு. எல்லாக் காட்சியிலும் டெலிவிஷன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். அது நானில்லை என்று பலர் தனித்தனியாக வந்து எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் சிஸ்டர் பெர்னடைன்தான், "ஹேண்ட்பேக் மட்டும் அப்படியே இருக்கு, ஒடெஸ்ஸா" என்றார்.

மறுநாள் ஒடெஸ்ஸா கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கிறாள், முதுகுக்குப் பின்னால் டெரெல் என்ற வாயாடிப் பையனின் குரல்: "ஐயோ, என் பென்ஷன்!" வகுப்பே வெடித்துச் சிரித்தது. மோதிரத்தால் தட்டினாள், சிரிப்பு கூடியது. அதற்கப்புறம் வராந்தாவில் நடந்தால் பென்ஷன், சாப்பாட்டுக் கூடத்தில் பென்ஷன், தபால்காரன்கூட எங்கள் வீட்டுப் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு மெதுவாக பென்ஷன் என்றான். அந்தத் தொடர் ஓடத் தொடங்கிய ஒரு மாசத்தில், ஹெலிகாப்டருக்கும் அசையாத வகுப்பு உங்கள் தங்கை கையை விட்டுப் போய்விட்டது. ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது விரல் வெறுமையாக இருந்தது.

நான் பதறிப்போய், "மோதிரம் எங்கே?" என்றேன்.

"பையில இருக்கு."

"பையில ஏன் இருக்கு? நான் என்ன பண்ணேன்?"

"எல்லாம் உன்னைப் பத்தியா, எல்ராய்?" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "பிள்ளைங்க சிரிக்கிறது எனக்குப் புதுசா? சிரிக்கட்டும். ஆனா இன்னைக்கு நான் தட்டினேன், அவங்க சிரிச்சாங்க, எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. நானே அந்தப் பொம்பளையாத்தான் எனக்குத் தெரியறேன். இனிமே எந்த முகத்தோட தட்டறது? இந்த வருஷப் படிப்பு முடிஞ்சதும் வேலையை விட்டுடறேன்."

மச்சான், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பாதி, அவளை அப்படி உடைந்து நான் பார்த்ததே இல்லை என்பதால். உங்கள் அம்மா இறந்தபோதுகூடத் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனவள் அவள். மீதிப் பாதியையும் மறைக்கவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் வகுப்பு நான் ஒருத்தன்தான். குளிர்பெட்டியைத் திறக்கக்கூடக் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் டெலிவிஷன்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. இந்தத் தொடரை ஜனங்கள் முன்னால் நடித்து, அவர்கள் சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள். சிரிக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் சபை சபையாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, இலவச டிக்கெட், மதியச் சாப்பாடு இலவசம் என்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இது யாருடைய சபை என்று தெரியாமல் எங்கள் சிஸ்டர் பெர்னடைனையும் ஒரு பெண் கூப்பிட்டுவிட்டாள். இலவசம் என்று காதில் விழுந்தால் அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கிற வழக்கமில்லை. சபையில் பாதியைச் சேர்த்துவிட்டார். சபை பஸ்ஸை ஓட்ட நான்.

ஒடெஸ்ஸா, "அவளைப் பார்க்க நான் வேற வரணுமா?" என்று மறுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. முப்பது வருஷம் அவளோடு குடித்தனம் பண்ணியவனுக்கு எங்கே தொட வேண்டும் என்று தெரியும். "சரி, நீ வர வேணாம். எல்லாரையும் சிஸ்டர் பெர்னடைன் அடக்கி உட்கார வெச்சுக்குவாங்க" என்றேன்.

"பெர்னடைனா? முதல்ல பேசறதே அவங்கதானே! இந்தக் கூட்டத்தை யாரு ஒழுங்கா உட்கார வைக்கறது?" என்று சொல்லிக்கொண்டே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஸ்டூடியோ குளிர்பெட்டி மாதிரி இருந்தது. எங்கள் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளோடு, வரவேற்புக்காரர்கள் வெள்ளைக் கையுறையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். சாப்பாடு என்று கொடுத்தது இரண்டு துண்டு ரொட்டிக்கு நடுவில் ஒரு சீவல் பன்றியிறைச்சி. சிஸ்டர் பெர்னடைன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இது சாப்பாடா, சாப்பாட்டோட போட்டோவா?" என்று கேட்டார். அப்போதே சபையின் மனசு திரும்பிவிட்டது. பிறகு ஒருவன் வந்து மேலே தொங்கிய ஒரு பலகையைக் காட்டி, "இதுல 'சிரிக்கவும்'னு விளக்கு எரிஞ்சா சிரிக்கணும். மத்த நேரம் சத்தமே வரக் கூடாது" என்றான்.

"ஆமென்!" என்றது சபை.

"ஆமெனும் வேண்டாம்."

"சரிப்பா, சொல்லு சொல்லு!" என்றது சபை.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஆட்கள் முன்னால் ஒருத்தர் நின்று பேசும்போது, கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பேசுகிறவருக்கு அவமானம். நம் பாஸ்டருக்கு இரண்டு வாக்கியம் பதில் வராவிட்டால் யாராவது செத்துவிட்டார்களா என்று நிறுத்திப் பார்ப்பார். அதனால் மிஸ் ஹனிகட் உள்ளே வந்து புத்தகங்களைக் கீழே போட, பலகையில் விளக்கு எரிய, ஒருத்தரும் சிரிக்காமல், சிஸ்டர் பெர்னடைன் உரக்க, "முதல்ல கதவைச் சாத்தும்மா!" என்றார்.

"சாத்து!" என்றது சபை.

டைரக்டர் நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். "பின்னால பாரும்மா, அந்தப் பச்சைச் சட்டை என்னமோ எறியப் போறான்!" "பாரும்மா, பாரு!" மறுபடி நிறுத்தம். டைரக்டர் கைகூப்பிக் கெஞ்சினார். ஒடெஸ்ஸா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி "உஷ்" சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் மானம் போகிறதே என்று அவள் காது சிவந்துவிட்டது. மூன்றாம் தரம் எப்படியோ பென்ஷன் கட்டம் வரை வந்துவிட்டார்கள். நடிகை கையைத் தூக்கினாள், பிள்ளைகள் மேஜை மேல் குதித்தார்கள், டைரக்டர் இன்னும் குதி, இன்னும் குதி என்று சைகை காட்டினார். ஓரத்து மேஜையில் ஒரு சின்னப் பெண், காலையிலிருந்து குதித்துக் களைத்தவள், கால் தடுமாறி ஆடினாள். என் பக்கத்தில் ஹேண்ட்பேக் திறக்கும் சத்தம் கேட்டது. ஒடெஸ்ஸா மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டினாள். முன்னால் இருந்த இரும்புக் கம்பியில், டக், டக், டக்.

அந்தப் பிள்ளைகள் அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை மச்சான். எல்லாம் இறங்கி உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டன. கேமராக்காரர்கள் நிமிர்ந்தார்கள். டைரக்டர் உட்கார்ந்தார். எங்கள் சபையில் பாதி அவளிடம் படித்ததுகள், மொத்தமாக வாயை மூடின. சிஸ்டர் பெர்னடைன்கூடக் கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டார். 'சிரிக்கவும்' பலகை மட்டும் தனியாக விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

நடிகை மேலே பார்த்து, "யாரு தட்டினது?" என்றாள்.

ஒடெஸ்ஸா எழுந்தாள். "நான்தாம்மா. மன்னிச்சுக்கணும். அந்தக் குழந்தை விழுந்துடும் போல இருந்துச்சு."

நடிகை அவள் கண்ணாடிச் சங்கிலியைப் பார்த்தாள், ஹேண்ட்பேக்கைப் பார்த்தாள், தன் கையில் இருந்ததையும் பார்த்தாள். லவீனியா என்று பெயர், நம் மாநிலத்துப் பேட்டன் ரூஜ் ஊர்ப் பெண். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எழுதிக் கொடுத்ததைத்தானே பேசினாள். "அப்போ நீங்கதானா அது!" என்றாள். "என் பையில பழைய பேப்பரைத்தான் அடைச்சுக் கொடுத்திருக்காங்க. கீழே வாங்கம்மா. எப்படின்னு எனக்குக் காட்டுங்க."

ஒடெஸ்ஸா இருக்கை வரிசைகளுக்கு நடுவே இருந்த வழியில் இறங்கி நடந்தாள். நம் சபையில் ஒருத்தர் அப்படி நடு வழியில் முன்னால் நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆண்டவரிடம் தன்னை ஒப்புக்கொடுக்கப் போகிறார். யோசிக்காமல் பழக்கதோஷத்தில் மொத்தச் சபையும் எழுந்து நின்று, கைதட்டி, பாட ஆரம்பித்துவிட்டது. பின்னால் ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். டைரக்டர் இதுவும் கதையில் இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை.

உங்கள் தங்கை மேடை ஏறிச் செய்த முதல் வேலை, கதவைச் சாத்தியது. அட்டைச் சுவர் முழுக்க ஆடியது. "சாத்திட்டாங்க!" என்று சிஸ்டர் பெர்னடைன் கூவினார். அடுத்ததாக ஒடெஸ்ஸா, "டட்லி, கேமராவுக்குப் பின்னால என்ன பண்றே? முன்னால வா" என்றாள். அவர் போ டையைச் சரி செய்துகொண்டு வந்து நின்றார்.

"உன்னைக் கடைசி பெஞ்சுல உட்கார வெச்சது என் தப்பு. முன் பெஞ்சுல போட்டிருக்கணும். நான் தட்டறதைப் பார்த்தே, சரி. பிள்ளைங்க ஏன் அடங்கறாங்கன்னு பார்த்தியா?"

"பயத்துல, மேடம்?"

"பயமா? இந்தத் தெருவுல பயத்துக்குப் பஞ்சமா? அதுக்கு என் மோதிரம் எதுக்கு? தட்டினப்புறம் நான் ஒரு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அதைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுவேன். தினமும் வேற பிள்ளை. இன்னைக்கு நம்ம பேரா இருக்குமோன்னு கேக்கத்தான் எல்லாம் வாயை மூடுது."

லவீனியா மேஜையில் தன் மோதிரத்தால் தட்டிப் பார்த்தாள். பிறகு அந்த ஓரத்துச் சின்னப் பெண்ணிடம் குனிந்து, "உன் நிஜப் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். அதுவரை அங்கே யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "ஜோலீன்" என்றது. "அவ்வளவு களைப்புலயும் நீ அழவே இல்லை, ஜோலீன்" என்றாள் லவீனியா. அந்தக் குழந்தை முகத்தில் வந்த சிரிப்புக்குப் பலகையும் தேவைப்படவில்லை, விளக்கும் தேவைப்படவில்லை. ஆமென் என்று நாங்கள் போட்ட சத்தத்தில் மேலே ஒரு விளக்கே கழன்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க, "டட்லி, எங்க டப்பா எங்கே?" என்று கத்தினேன். அதற்கும் சபை ஆமென் போட்டது.

அந்த வாரம் போடுவதற்கு வேறு படம் கைவசம் இல்லை. எப்போதோ பதிவு செய்து வைத்திருந்த சிரிப்பை மேலே ஒட்டிப் பார்த்தார்களாம், கோயிலுக்குள் யாரோ குடித்துவிட்டுச் சிரிக்கிற மாதிரி இருந்ததாம். கடைசியில் நடந்ததை நடந்தபடியே போட்டுவிட்டார்கள். மறுநாள் ஒடெஸ்ஸா வகுப்புக்குள் நுழைந்தாள். தட்டினாள். ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. எல்லாக் கண்ணும் அவள் வாயையே பார்த்தன.

"டெரெல்" என்றாள். அவன் துள்ளி எழுந்தான். "அந்த வசனத்தை அந்த அம்மாவை விட நீ நல்லா சொல்றே. வருஷக் கடைசி நாடகத்துல உனக்கு ராஜா வேஷம்."

அன்றோடு அந்தக் கட்டடத்தில் பென்ஷன் என்ற பேச்சு ஒழிந்தது. வேலையை விடுகிற பேச்சும்தான். டீச்சர் முட்டாளாக இருந்தால்தான் பார்ப்போம் என்ற கூட்டம் அந்த வாரத்தோடு தொடரைக் கைவிட்டது, புதிதாகப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் வந்து சேர்வதற்குள் டெலிவிஷன்காரர்கள் கடையைச் சாத்திவிட்டார்கள். ஆகவே மச்சான், நாங்கள் ஊருக்கு வருவதாக இல்லை. ஹெலிகாப்டர் சுற்றுகிறது, மோதிரம் விரலில் இருக்கிறது, குளிர்பெட்டியை நான் இஷ்டம்போல் திறக்கிறேன். இனி டெலிவிஷன்காரன் எவனும், அவன் யாராயிருந்தாலும், இந்த வீட்டுப் படியை மிதிக்க நான் விடப் போவதில்லை. குடும்ப விஷயத்தை அந்நியனிடம் சொல்லிச் சிரிக்கிற ஈனப் புத்தி ப்ரூயிட் வம்சத்தில் கிடையாது.

தங்களுக்கும், தங்கள் வீட்டு அம்மாளுக்கும், பிள்ளைகளுக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும் நல்ல ஜீரணமும் தருவாராக. பிக்கப் வண்டிக்கும் என் ஜெபத்தில் இடமுண்டு.

இப்படிக்கு,
வெற்றி பெற்றவளின் புருஷன்,
எல்ராய் ப்ரூயிட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. டட்லி. கையில் நம் டப்பா, கழுவித் துடைத்து. அதைக் கொண்டுவந்து கொடுத்த மனுஷனை வாசலில் நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்? உள்ளே உட்கார வைத்து பீன்ஸும் சோறும் போட்டேன். இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். வேலை போன கவலையில் இருந்தார், பாவம், சிரிக்கட்டுமே என்று தங்கள் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். இன்னும் இருக்கா என்றார். கல்யாணம், நில நடுக்கம், பிக்கப் வண்டி எல்லாம் சொன்னேன். அப்போது கதவருகில் டக், டக், டக். இருவரும் கையைக் கட்டிக்கொண்டோம். தொலைந்தோம் என்று நினைத்தேன். உங்கள் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "டட்லி, முன்னால வந்து உட்காரு. எங்க அண்ணனைப் பத்தி எல்ராய்க்குப் பாதிதான் தெரியும்" என்றாள். டட்லி எங்கள் வீட்டிலிருந்தே கூப்பிட்டுச் சொல்ல, டெலிவிஷன்காரர்கள் தொலைபேசியிலேயே சம்மதித்துவிட்டார்கள், இலையுதிர் காலத்தில் புதுத் தொடர் வருகிறது. ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு டீக்கன், ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம் கையைத் தூக்கி, "நான் அப்பவே சொன்னேன்!" என்பார். தெருவில் பிள்ளைகள் பின்னால் கத்தினால் கோபப்படாதீர்கள், அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பாருங்கள். எப்படியும் இந்த ஒரு விஷயத்தைத் தாங்கள் அப்பவே சொல்லவில்லை மச்சான். நான்தான் சொன்னேன்.